பிள்ளையை இழந்த வீட்டில் குடி புகுந்தால்



குடும்ப நலப் பேச்சு என்றதும் கருத்தடை, தடுப்பூசி, சத்துணவு இவற்றில் ஏதோ ஒன்றுதான் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அவற்றை உங்கள் கிராம சுகாதார செவிலியர் என்னைவிட நன்றாகவே எடுத்துச் சொல்வார். நான் இன்று பேசப்போவது, பேச யாருக்கும் வாய் வராத ஒரு விஷயம். ஒரு வீட்டில் திடீரென்று நேர்ந்த விபத்தில் பிள்ளை போய்விடுகிறது. அந்த விபத்தில் பெற்றவர் கையே சம்பந்தப்பட்டுவிடுகிறது. அந்த நினைப்பைத் தாங்க மாட்டாமல் அவர் குடியில் இறங்குகிறார். போனது ஓர் உயிர்தான், ஆனால் அதன் பின்னாலேயே ஒரு குடும்பம் முழுவதும் போய்க்கொண்டிருக்கிறது. ஊரார் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள். அதற்கு மேல் என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். கணவருக்கு முப்பத்திரண்டு வயது, சொந்த டிராக்டர் வைத்திருந்தார், பாதிக் கடன் பாக்கி. மூத்தது பெண், இளையது பையன். இரண்டோடு போதும் என்று மனைவி குடும்ப நல அறுவை செய்துகொண்டவர். ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லாத நாள், ஆறு வயதுப் பையன் "அப்பா நானும் வர்றேன்" என்று அடம்பிடித்தான். அவர் தூக்கி மட்கார்டு மேல் உட்கார வைத்துக்கொண்டார். வரப்பு மேட்டில் ஏறும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. பிள்ளை பின்சக்கரத்துப் பக்கம் விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

அன்றைக்கு அவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. அதற்கு முன்பும் திருவிழாவுக்கு ஒருநாள், கல்யாணத்துக்கு ஒருநாள் என்பதோடு சரி. ஆனால் பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் வருவதற்குள்ளேயே "குடிச்சிட்டு ஓட்டியிருப்பான்" என்று டீக்கடையில் பேச்சு கிளம்பிவிட்டது. இரவு தூக்கம் இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்கு உறவுக்காரர் ஒருவர், "கொஞ்சம் போட்டுக்கோ மாப்ளே, தூக்கமாவது வரும்" என்று கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார். பிரியத்தினால்தான் கொடுத்தார், அதில் சந்தேகமில்லை. சாவு வீட்டில் ஆண்களுக்குச் சாராயம் ஊற்றிக் கொடுப்பதை ஆறுதல் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அந்தப் பழக்கத்தின் மேல் கோபமே உண்டு.

எட்டாம் நாள் மனைவி ஒரு வார்த்தை சொன்னார். "நான் வேண்டாம்னு சொன்னேனே, நீங்கதானே ஏத்திக்கிட்டுப் போனீங்க." ஒரே ஒரு தடவைதான் சொன்னார். பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. அந்த வார்த்தை அவர்களோடு சேர்ந்து அந்த வீட்டில் குடியிருக்க ஆரம்பித்துவிட்டது. ராத்திரி தூக்கத்துக்கு என்று ஆரம்பித்த குவாட்டர், ஆறு மாதத்தில் சாயங்காலமே வேண்டியதாயிற்று. ஒரு வருஷத்தில் காலையில் கை நடுக்கம் நிற்கவே குடிக்க வேண்டியதாயிற்று. தவணை கட்டாததால் டிராக்டர் போயிற்று. மூத்த பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயது. அவள் சாப்பிட்டாளா, பள்ளிக்கூடம் போனாளா என்று கேட்க ஆளில்லை. இறந்த பிள்ளைக்காக அழுத அந்த வீட்டில், இருக்கிற பிள்ளையை யாரும் பார்க்கவில்லை.

குடி துக்கத்தை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். "குடிச்சா மறக்குதுங்க" என்று அவரே சொன்னார். பொய் இல்லை, சில மணி நேரம் மறக்கத்தான் செய்கிறது. சாராயம் மூளையை மந்தப்படுத்துகிறது, ஆகையால் தூக்கம் சீக்கிரம் வருகிறது. ஆனால் அது பாதி ராத்திரித் தூக்கம். உடம்பு அந்தச் சாராயத்தைச் செரித்து முடித்ததும் விடியற்காலை இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ விழிப்புத் தட்டிவிடும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். அந்த நேரத்தில் மனசுக்கு வருவது எது? சக்கரமும் பிள்ளையும்தான். இதை மறக்க மறுநாள் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கிறது. நாள்பட நாள்பட மனச்சோர்வைக் குடியே உண்டாக்கவும் செய்கிறது. துக்கம் என்பது அழுது, பேசி, நினைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆற வேண்டிய புண். ஒவ்வொரு ராத்திரியும் அதை மரத்துப்போகச் செய்தால் ஆறுவதற்கு அதற்கு நேரமே கிடைப்பதில்லை. மூன்று வருஷம் கழித்தும் அவருக்கு அது நேற்று நடந்ததாகவே இருந்தது. மனைவியோ அழுது அழுது ஒருவாறு வேறிடத்துக்கு வந்திருந்தார். ஒரே வீட்டில் இருவருக்கும் வேறு வேறு நாள் ஓடிக்கொண்டிருந்தது.

இங்கேதான் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "பிள்ளை செத்த வீட்டுல குடிச்சிட்டுக் கிடக்கிறாரே, கல்நெஞ்சுக்காரர்" என்பது அவர் நினைப்பு. "அவ முகத்தைப் பார்த்தாலே நீ கொன்னுட்டேன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்பது இவர் நினைப்பு. நம் பக்கத்தில் பெண் ஒப்பாரி வைக்கலாம், மார்பில் அடித்துக்கொள்ளலாம், பத்துப் பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். ஆண் அழுதால் "ஆம்பளை நீயே இப்படி இருந்தா எப்படி" என்று எழுப்பி உட்கார வைத்துவிடுவார்கள். அழ இடமில்லாதவன் குடிக்கப் போகிறான். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமிக்குப் பிறகு, கடலோர மாவட்டங்களில் நிவாரண வேலை செய்தவர்கள் இதையே பார்த்தார்கள். பிள்ளைகளையும் மனைவியையும் இழந்த ஆண்களிடம் குடி அதிகமாயிற்று. அலையைத் தடுக்க யாராலும் முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் "கையைப் பிடிச்சிருந்தேன், விட்டுட்டேன்" என்று சொல்லிச் சொல்லி மருகினார்கள். இயற்கைச் சீற்றத்துக்கே அப்படியென்றால், தன் கையால் ஓட்டிய வண்டி என்றால் கேட்க வேண்டுமா?

சரி, இதிலிருந்து வெளியே வர வழி என்ன? குடியை முதலில் நிறுத்துவதா, துக்கத்தை முதலில் ஆற்றுவதா என்று கேட்பார்கள். குடியைத்தான் முதலில். போதையில் இருக்கிறவரிடம் துக்கத்தைப் பேசி எந்தப் பயனும் இல்லை. மறுநாள் காலையில் அது அவருக்கு நினைவிருக்காது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். தினமும் நிறையக் குடிப்பவர், காலையிலேயே குடிப்பவர், வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. "வைராக்கியமா விட்டுட்டேன்" என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உடம்புக்கு வைராக்கியம் தெரியாது. கடைசியாகக் குடித்த ஆறு, எட்டு மணி நேரத்தில் நடுக்கமும் வாந்தியும் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கு மேல் நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கிவிடும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், செத்த பிள்ளை வாசலில் நிற்கிறான் என்பார். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போவார்கள். அது பேயில்லை, உயிருக்கே ஆபத்தான நோய். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு குடியை விடுவதும், மாலை போட்டு ஒரு மண்டலம் குடிக்காமல் இருப்பதும் நம் ஊர்களில் உண்டு. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். சாமிக்குப் பயந்து விட்டவர்கள் உண்டு. முதலில் ஆஸ்பத்திரி, உடம்பு தேறிய பிறகு கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். கயிறு கட்டிக்கொண்டு திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே வலிப்பு வந்து விழுபவர்கள் இருக்கிறார்கள்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநலப் பிரிவு என்றதும் "நான் என்ன பைத்தியமா" என்று கேட்பார்கள். வயிற்றுக்கு ஒரு டாக்டர், கண்ணுக்கு ஒரு டாக்டர் மாதிரி இதற்கும் ஒரு டாக்டர், அவ்வளவுதான். ஒரு வாரம், பத்து நாள் வைத்திருந்து, நடுக்கமும் வலிப்பும் வராமல் இருக்க மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். சாப்பாடில்லாமல் குடித்தவர்களுக்கு பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். அந்தச் சத்துக் குறைந்தால் ஞாபகமும் நடையும் கெட்டுப்போகும். இதற்கெல்லாம் அரசு மருத்துவமனையில் கட்டணம் கிடையாது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் தானாகக் குடியை வெறுத்துவிடுவார் என்று சொல்லிப் பொடி விற்கிறார்கள், மாத்திரையும் விற்கிறார்கள். அவருக்குத் தெரியாமல் எதையும் கலந்து கொடுக்காதீர்கள். டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். உயிர் போவதும் உண்டு. டாக்டர் சொல்லி, அவரே சம்மதித்து, விஷயம் தெரிந்து சாப்பிட வேண்டிய மாத்திரை அது. இன்னொன்று. குடி ஒரு நோய் என்று சொல்கிறோம் என்பதற்காக அடி உதையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. கை நீட்டினால் 181 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

மாத்திரையால் ஆவது முதல் பத்து நாள்தான். அதற்குப் பிறகு ஆள் துணை வேண்டும். நம் மாநிலத்தில் இதற்கு வழிகாட்டியவர் ஒரு பெண்மணி. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் பெயரில் ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பட்டணத்துக்கு வர முடியாதவர்களுக்காக அந்த நிலையத்தார் தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களில் முகாம் போட்டார்கள். குடிப்பவருக்கு மட்டும் சிகிச்சை செய்து அனுப்பாமல் மனைவியையும் அழைத்துத் தனியே பேச வைத்தார்கள். எனக்கு இது மிகச் சரியான முறை என்று படுகிறது. துக்கம் வீட்டில் இரண்டு பேருக்கும் இருக்க, மருந்து ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் எப்படி?

குடியை விட்டவர்களே கூடிப் பேசும் கூட்டங்களும் உண்டு. 1935இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்து, ஒருவருக்கொருவர் பேசியே குடியிலிருந்து விலகி நின்றார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஏ.ஏ. என்ற அமைப்பு. தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் கூடுகிறார்கள், பணம் வாங்குவதில்லை, பெயரை வெளியே சொல்வதில்லை. அவர்களுடைய வழியில் ஒரு படி உண்டு. தன்னால் நோகடிக்கப்பட்டவர்கள் யார் யார் என்று எழுதிப் பார்த்து, முடிந்தவர்களுக்கு ஈடு செய்வது. நம் டிராக்டர்க்காரர் அந்தக் கூட்டத்தில்தான் முதன்முதலாக வாயைத் திறந்தார்.

என்ன பேசினார் என்பதுதான் முக்கியம். அதுவரை அவரிடம் வந்தவர்கள் இரண்டு விதம். "எல்லாம் விதி, உன் கையில என்ன இருக்கு" என்றவர்கள் ஒரு பக்கம். "நீதானே கொன்னே" என்று முகத்தால் சொன்னவர்கள் ஒரு பக்கம். விதி என்றவர்களை அவர் நம்பவில்லை. பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்த கை அவருடையதாயிற்றே! உண்மையில்லாத ஆறுதல் மனசில் ஒட்டாது. கொலைகாரன் என்றால் அவர் நம்பினார், நம்பிக் குடித்தார். கூட்டத்தில் சொன்னது இது: "ஏத்தினது தப்பு. சாகணும்னு ஏத்தல. ஆசையா கேட்டான், ஆசையா ஏத்தினேன்." இதில் விதியும் இல்லை, கொலையும் இல்லை. தப்பு தப்பாகவே இருக்கிறது, அவ்வளவுதான். சட்டம்கூட அலட்சியத்தால் நேர்ந்த மரணத்தையும் கொலையையும் தனித்தனிப் பிரிவில்தான் வைத்திருக்கிறது. கோர்ட்டே பிரித்துப் பார்க்கும்போது நாம் ஏன் கலந்து குழப்பிக்கொள்ள வேண்டும்? டிராக்டரில் ஓட்டுநருக்கு மட்டும்தான் இருக்கை, மட்கார்டு யாருக்கும் உட்காரும் இடமில்லை. அதை இன்று அவரே பக்கத்து ஊர் டிரைவர்களிடம் சொல்கிறார். பிள்ளையை ஏற்றிக்கொண்டு யாராவது வந்தால் வண்டியை நிறுத்தி இறக்கிவிடுகிறார். அவரால் ஆன ஈடு அது.

இந்த வார்த்தைகளை வீட்டிலும் அவர் சொன்ன நாளில் மனைவியும் ஒன்று சொன்னார். அன்று காலையில் "வேண்டாம்" என்று ஒருதரம் சொன்னது உண்மை. பிறகு பையன் அழுவதைப் பார்த்துத் தானே சட்டை மாட்டி, தலை வாரி, வாசல்வரை கொண்டுவந்து விட்டதும் உண்மை. "நான்தானே அனுப்பி வெச்சேன்னு என்னால தாங்க முடியலைங்க. அதான் அன்னிக்கு உங்களைச் சொல்லிட்டேன்." மூன்று வருஷமாக அந்த அம்மாள் மாரடைப்பு மாதிரி நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்க்கொண்டிருந்தார். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். குடித்தவரின் துக்கம் ஊருக்குத் தெரிந்தது. குடிக்காதவரின் துக்கத்தை யாரும் துக்கம் என்றே எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படிப் பேசுவதற்கு நல்ல நேரம் பார்க்க வேண்டும். குடியை விட்டு நாலைந்து வாரமாவது ஆகியிருக்க வேண்டும். மாமியார், நாத்தனார் எல்லாரும் சூழ்ந்திருக்கும்போது வேண்டாம். தனியாகப் பேசப் பயமாக இருந்தால் செவிலியரையோ ஆஸ்பத்திரி ஆலோசகரையோ வைத்துக்கொண்டு பேசுங்கள். ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்பதில்லை.

"சீக்கிரமே இன்னொன்னு பெத்துக்கோங்க, எல்லாம் சரியாயிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். குடும்ப நல அறுவை செய்துகொண்ட தாய்க்குக் குழாயை மறுபடி இணைக்கும் அறுவை இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்கலாம். சுனாமியில் பிள்ளைகளை இழந்த தாய்மார்களுக்கு 2005இல் தமிழக அரசு தன் செலவிலேயே இதைச் செய்ய ஏற்பாடு செய்தது. எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. தாயின் வயதையும், முன்பு எந்த முறையில் அறுவை செய்தார்கள் என்பதையும் பொறுத்தது. ஆனால் கணவர் குடித்துக்கொண்டிருக்கும்போது, துக்கம் பச்சையாக இருக்கும்போது அவசரப்படாதீர்கள். போனவனே திரும்பி வந்தான் என்று அவன் பேரையே வைத்து வளர்த்தால், பிறக்கிற பிள்ளை தன் வாழ்க்கையை எப்போது வாழ்வது? இருக்கிற பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புவதில் முதலில் ஆரம்பியுங்கள். அந்த வீட்டில் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்தார்கள், அது அவர்கள் இஷ்டம்.

குடியை விட்டவர் மறுபடி குடிப்பது உண்டு. நம்மவர் ஏழாம் மாதம் பையனின் பிறந்த நாளன்று கடைக்குப் போய்விட்டார், மூன்று நாள் குடித்தார். மனைவி கதவைச் சாத்தவில்லை, திட்டவும் இல்லை. நாலாம் நாள் மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஏழு மாதம் குடிக்காமல் இருந்தது அதனால் வீணாகிவிடாது. பிறந்த நாள், திவசம், பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம், அறுப்புக்காலத்தில் டிராக்டர் சத்தம் கேட்கும் நாட்கள் இவையெல்லாம் ஆபத்தான நாட்கள். காலண்டரில் குறித்து வையுங்கள். அன்றைக்கு அவரைத் தனியாக விடாதீர்கள். கையில் பணமாக அதிகம் இருக்க வேண்டாம். காலையிலேயே சாமி கும்பிட்டு, படத்துக்குப் பூப்போட்டு, அவனுக்குப் பிடித்ததைச் சமைத்து, அவன் பேரைச் சொல்லிச் சத்தமாகவே பேசுங்கள். பேரை எடுக்காமல் இருந்தால்தான் அழுகை வராது என்று நினைப்பது தப்பு.

பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். களத்து அறையில் வைத்துப் பூட்டி, சாவியை வேறு ஆளிடம் கொடுங்கள். "நானும் அவன் பின்னாடியே போயிடறேன்" என்று ஒருவர் சொன்னால், போதையில் சொன்னார் என்று தள்ளிவிடாதீர்கள். குடியும் குற்ற உணர்வும் சேர்ந்த இடத்தில் அந்த வார்த்தை வெறும் வார்த்தையாக இருப்பதில்லை. உடனே ஒருவர் கூட இருந்துகொண்டு 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண் இது. காசு கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். 104 என்ற எண்ணிலும் கேட்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் உங்கள் பகுதிக்கு எந்த நாள் வருகிறார் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். குடிக்கிறவர் வர மறுத்தால் மனைவி மட்டுமாவது போய்ப் பேசலாம், அதற்காக யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.